செர்ரா தேவதையின் மதிப்பு என்ன?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று நம்மவர் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் பள்ளி, கல்லூரி மாணவர் சிலர் கையில் ஒரு புதுமாதிரிச் சீட்டுக்கட்டைப் பார்த்திருப்பீர்கள். இஸ்பேட், கிளாவர் கிடையாது. ராஜா, ராணி கிடையாது. டிராகனும் பூதமும் தேவதையும் மந்திரவாதியுமாகச் சீட்டுக்கு ஒரு வண்ணப்படம். அதன் கீழே பொடி எழுத்தில் நாலைந்து வரி விதிகள். விடுமுறைக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருவது வழக்கம். ‘மேஜிக்: தி கேதரிங்’ என்பது ஆட்டத்தின் பெயர்.

இந்தச் சீட்டுகளைப் பற்றி வீடுகளில் மூன்று விதமான தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. “காசைக் கரியாக்கும் வேலை” என்பது அப்பாவின் தீர்ப்பு. “பழைய சீட்டுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்குமாமே, பத்திரமாக பீரோவில் வை” என்பது பத்திரிகைச் செய்தி படித்த தாத்தாவின் தீர்ப்பு. “பழசு எதற்கும் உதவாது, இப்போது வந்திருக்கும் புதுசுதான் வேண்டும்” என்பது பையனின் தீர்ப்பு. மூன்றுமே சீட்டைப் பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள் என்பது என் கருத்து. முதலாமவர் செலவைப் பார்க்கிறார். இரண்டாமவர் விலையைப் பார்க்கிறார். மூன்றாமவன் வயதைப் பார்க்கிறான். சீட்டு என்ன வேலை செய்கிறது என்று மூவரும் கேட்பதில்லை.

பொதுப்படையாகப் பேசினால் இது விளங்காது. எனவே ஒரே ஒரு பழைய சீட்டை எடுத்து மேசையில் வைத்து, அதை எப்படி எடைபோடுவது என்று பார்ப்போம். அந்தச் சீட்டின் பெயர் ‘செர்ரா ஏஞ்சல்’. நாம் செர்ரா தேவதை என்போம்.

ஆட்டம் எப்படிப்பட்டது?

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் வகுத்த ஆட்டம் இது. ‘விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற நிறுவனம் 1993 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. முதற்பதிப்பில் 295 வகைச் சீட்டுகள். மொத்தம் அச்சானவை சுமார் 26 லட்சம். நாம் ஆடும் சீட்டாட்டத்தில் ஒரே கட்டை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். இதில் அப்படி அல்ல. ஆடுபவர் ஒவ்வொருவரும் தாம் சேர்த்து வைத்திருக்கும் சீட்டுகளிலிருந்து தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வர வேண்டும். எந்தச் சீட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்விலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஆட்டத்தில் ‘மதிப்பிடுதல்’ என்பது தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது.

ஆட்டத்தின் சுருக்கம் இதுதான். இருவர் எதிரெதிரே அமர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்கியவர் வென்றவர். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு நிலச் சீட்டை இறக்கலாம். சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்று நிலம் ஐந்து வகை; குறிஞ்சி, முல்லை என்று படித்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது! நிலம் ஒவ்வொன்றும் ஒரு பங்கு மந்திர வலுவைத் தரும். அதற்கு ‘மானா’ என்று பெயர். சமவெளி தருவது வெள்ளை, தீவு நீலம், சதுப்பு கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. அந்த மானாவைச் செலவழித்துத்தான் மந்திரங்களையும், நமக்காகப் போரிடும் உயிரினங்களையும் களத்துக்கு அழைக்க முடியும்.

உயிரினச் சீட்டின் வலது கீழ் மூலையில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அது தாக்கும் வலு. இரண்டாவது எண் அது தாங்கும் வலு. தாக்கப் புறப்படும் உயிரினத்தின் சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். சாய்ந்த சீட்டு, நம்முடைய அடுத்த முறை வந்து நிமிரும் வரையில், எதிராளியின் தாக்குதலைத் தடுக்க முன்வர முடியாது. இந்த ஒரு விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். செர்ரா தேவதையின் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

சீட்டில் எழுதியிருப்பது

செர்ரா தேவதையை அழைக்க 5 மானா வேண்டும். அதில் இரண்டாவது வெள்ளையாக இருக்க வேண்டும். அவள் தாக்கும் வலு 4, தாங்கும் வலு 4. அவளுக்குப் பறக்கும் ஆற்றல் உண்டு. எனவே பறக்கும் ஆற்றல் இல்லாத சாதாரண உயிரினம் அவளைத் தடுக்க முடியாது. கடைசியாக, தாக்கும்போது அவள் சாய்வதில்லை. பிற்காலத்தில், 2004 முதல், இந்தக் குணத்துக்கு ‘விழிப்பு’ என்ற பொருளில் ஒரு தனிச் சொல்லையே ஆட்ட விதிகளில் சேர்த்தார்கள். படத்தை வரைந்தவர் டக்ளஸ் ஷூலர்.

இனி அவளுடைய காலத்துத் தோழர்களோடு ஒப்பிடுவோம். அதே முதற்பதிப்பில் ‘ஏர் எலிமென்டல்’ என்ற நீலச் சீட்டு உண்டு. அதற்கும் 5 மானா, அதுவும் 4/4, அதுவும் பறக்கும். ஆனால் தாக்கினால் சாயும். ‘செங்கிர் வாம்பயர்’ என்ற கறுப்புச் சீட்டும் 5 மானா, 4/4, பறக்கும். தன்னால் அடிபட்ட உயிரினம் மாண்டால் தான் ஒரு படி பெருக்கும். ‘ஷிவன் டிராகன்’ 6 மானா, 5/5. சிவப்பு மானாவை ஊற்ற ஊற்றத் தாக்கும் வலு ஏறும். ‘மஹாமோட்டி ஜின்’ 6 மானா, 5/6. ‘க்ரா வர்ம்’ என்ற பச்சைப் புழு 6 மானா, 6/4, ஆனால் பறக்காது.

இவற்றுள் டிராகனும் மஹாமோட்டியும் அரிய வகையில் அச்சானவை. 15 சீட்டுள்ள உறையில் அரிய வகை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். தேவதை அதற்கு ஒரு படி கீழே, உறைக்கு மூன்று வரும் நடுத்தர வகையில் இருந்தாள். அதாவது, கையில் அதிகப் பணம் இல்லாத பையனுக்கும் அவள் எட்டினாள். அந்த ஆட்டத்தின் ஆரம்ப நாள்களை நினைவுகூர்பவர்கள் அவளைப் பாசத்தோடு குறிப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணில் அடங்காத கணக்கு

எண்களை மட்டும் பார்த்தால் அவளை விஞ்சுபவர் அன்றே இருந்தார்கள். 1993 டிசம்பரில், ஆயிரத்தொரு இரவுக் கதைகளை அடியொற்றி வெளிவந்த ‘அரேபியன் நைட்ஸ்’ தொகுதியில் ‘ஜூசாம் ஜின்’ என்ற கறுப்பு பூதம் வந்தது. வெறும் 4 மானா, ஆனால் 5/5! கூட்டல் கணக்குத் தெரிந்த யாரும் ஜூசாம்தான் மேல் என்பார்கள். 20 புள்ளிகளைத் தீர்க்க ஜூசாமுக்கு 4 தாக்குதல் போதும். தேவதைக்கு 5 வேண்டும். அழைக்கும் செலவிலும் ஜூசாம் ஒரு மானா மலிவு.

ஆனால் ஆட்டம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஜூசாம் ஒவ்வொரு முறையும் தன் எஜமானரிடமே ஒரு உயிர்ப்புள்ளியைக் கூலியாகப் பிடுங்கிக்கொள்ளும். அது பறக்காது, எதிராளி ஒரு சின்னஞ்சிறு பூச்சியைக் குறுக்கே நிறுத்தி அந்த முறைத் தாக்குதலை வீணாக்கலாம். தாக்கிய பிறகு அது சாய்ந்து கிடக்கும். வீட்டைக் காக்க ஆளில்லை. எனவே ஜூசாமை வைத்து ஆடுபவர் வேகமாக முடித்தாக வேண்டும். இழுத்தடித்தால் தன் பூதமே தன்னைத் தின்றுவிடும்.

தேவதை அப்படி அல்ல. பகல் ஷிப்ட் பார்த்துவிட்டு இரவுக் காவலுக்கும் நிற்கும் ஆள் அவள். எதிராளியிடம் 2/2 வலுவுள்ள கரடிகள் மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் முறையில் தேவதை மேலே பறந்து போய் 4 புள்ளிகளைப் பறிக்கிறாள். கரடிகள் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். எதிராளியின் முறையில் அவள் நிமிர்ந்தே நிற்கிறாள். கரடிகள் தாக்க வந்தால் ஒன்றைத் தடுத்துக் கொன்றுவிடுவாள். அடுத்த முறை இன்னொன்று. எனவே கரடிகள் வரத் தயங்கும். தாக்குவதற்கு ஒரு சீட்டும், காவலுக்கு ஒரு சீட்டுமாக இரண்டு சீட்டுகள் செய்யும் வேலையை அவள் ஒருத்தியே செய்கிறாள். இந்த ‘இரண்டு ஆள் வேலை’ மூலையில் அச்சிட்ட 4/4 என்ற எண்ணில் எங்கும் தெரியாது.

தாங்கும் வலு 4 என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்நாளில் எங்கும் காணப்பட்ட சிவப்பு மந்திரம் ‘லைட்னிங் போல்ட்’. ஒரே ஒரு மானாவில் 3 புள்ளி அடி கொடுக்கும். 3 வலு தாங்கும் உயிரினம் அதில் மாண்டுபோகும்; 4 தாங்குபவள் பிழைத்துக்கொள்வாள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்று அல்ல. அது வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு. ஒரு சீட்டின் எண்ணை எடைபோட வேண்டுமானால், அதைக் கொல்ல ஊரில் என்னென்ன ஆயுதம் புழங்குகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

தராசின் மறுதட்டு

ஆயினும் அவளை வானளாவப் புகழ்வது என் நோக்கமல்ல. அவளுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. அவளை அழைக்க 5 மானா. நிலம் தவறாமல் கிடைத்து, வேறு துணையும் இல்லாவிட்டால் ஐந்தாம் முறை வரை காத்திருக்க வேண்டும். எதிராளியோ ‘ஸ்வோர்ட்ஸ் டு பிளோஷேர்ஸ்’ என்ற வெள்ளை மந்திரத்தை ஒரே மானாவில் வீசி அவளை ஆட்டத்தை விட்டே அனுப்பிவிடலாம். ஆறுதலாக நமக்கு 4 உயிர்ப்புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். ‘டெரர்’ என்ற கறுப்பு மந்திரம் 2 மானா. அதற்கும் அவள் தப்ப மாட்டாள். செங்கிர் வாம்பயர் கறுப்பு ஆகையால் டெரர் அதைத் தீண்டாது. இந்த ஒரு விஷயத்தில் அது தேவதையை விட மேல்.

ஐந்து கொடுத்து வாங்கியதை எதிராளி ஒன்று கொடுத்து அழிக்கிறான் என்றால் நஷ்டம் நமக்கு. ஐந்தாம் முறை வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு அவளை மேசையில் வைப்பவர் பெரும்பாலும் இந்த நஷ்டத்தைத்தான் அடைந்தார்கள். “தேவதை வேஸ்ட்” என்ற பேச்சும் அப்படி ஆடியவர்களிடமிருந்தே வந்தது.

சேர்ந்த இடத்தால் வந்த பெருமை

அவளைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் இருவர். இவ்விருவரின் ஆட்டத்தைச் சொல்லாமல் அவளை மதிப்பிட முடியாது.

1994 ஆகஸ்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இந்த ஆட்டத்தின் முதல் உலகப் போட்டி நடந்தது. இறுதியில் பிரான்ஸின் பெர்ட்ராண்ட் லெஸ்ட்ரேயை வென்று பட்டம் பெற்றவர் அமெரிக்கரான ஜாக் டோலன். அவர் கட்டில் செர்ரா தேவதை இருந்தாள். ஆனால் கவனிக்க வேண்டியது அவளோடு இருந்த மற்றச் சீட்டுகளை. ‘ஸ்டேசிஸ்’ என்று ஒரு நீல மந்திரம். அது களத்தில் இருக்கும் வரை யாருடைய சாய்ந்த சீட்டும் நிமிராது. அதைக் காப்பாற்ற முறைக்கு ஒரு நீல மானா கட்டிவர வேண்டும். நாடே உறைந்து போனது போலிருக்கும். எந்த உயிரினமும் ஒருமுறை தாக்கினால் சாய்ந்தது சாய்ந்ததுதான். சாயாத ஒருத்தி மட்டும் வானில் போய்வந்து கொண்டேயிருப்பாள்! ‘மீக்ஸ்டோன்’ என்று இன்னொரு சீட்டு. தாக்கும் வலு 3-க்கு மேற்பட்டாலும், 3 ஆகவே இருந்தாலும், அந்த உயிரினம் நிமிர முடியாது என்பது அதன் விதி. 4 வலு உள்ள தேவதைக்கும் அந்த விதி பொருந்தும். ஆனால் சாயாதவளுக்கு நிமிர வேண்டிய அவசியம் ஏது? எல்லோரையும் கட்டிப்போடும் கயிறு அவளை மட்டும் கட்டவில்லை. சாதாரணக் கட்டில் ‘நல்ல வசதி’ என்ற அளவில் இருந்த ஒரு குணம், இந்தக் கட்டில் ஆட்டத்தையே வெல்லும் குணமாயிற்று.

இரண்டாமவர் பிரையன் வைஸ்மன். 1990-களின் நடுவில் இவர் அமைத்த கட்டுக்கு ‘தி டெக்’ என்றே பெயர். கட்டு என்றால் இதுதான் என்பது போல. அதில் தேவதைகள் இரண்டே பேர். ஏனையவை எல்லாம் எதிராளியின் மந்திரத்தை முறிப்பவை, உயிரினங்களை விரட்டுபவை, சீட்டு சேர்ப்பவை. 1994-இல் வந்த ‘லெஜண்ட்ஸ்’ தொகுதியிலிருந்து ‘மோட்’, அதாவது அகழி, என்ற சீட்டையும் வைத்தார். அகழி இருக்கும் வரை பறக்காத எந்த உயிரினமும் தாக்க முடியாது. தேவதைக்கு அகழி ஒரு பொருட்டா?

இதில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. எதிராளி டெரரும் ஸ்வோர்ட்ஸும் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கொல்ல உயிரினமே வராது. அந்தச் சீட்டுகள் கையில் முடங்கிக் கிடக்கும். வைஸ்மனோ அவசரமே படமாட்டார். எதிராளியின் கை காலியாகி, தம்மிடம் முறிப்பு மந்திரம் தயாராக இருக்கும்போதுதான் தேவதையை இறக்குவார். பிறகு ஐந்தே தாக்குதல், ஆட்டம் முடிந்தது. அதே சீட்டு, அதே 5 மானா, அதே பலவீனம். அவசரக்காரர் கையில் நஷ்டமானது, பொறுமைசாலி கையில் வெற்றியாயிற்று.

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆள் நல்லவனா என்று தனியே கேட்காதே. எந்த வேலைக்கு, எந்தச் சூழலில் என்று சேர்த்துக் கேள் என்பது அதன் சாரம். உயிரினச் சீட்டை எடைபோடவும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காலம் மாறியது, சீட்டு மாறவில்லை

இனிப் பையனின் கட்சிக்கு வருவோம். “அதெல்லாம் அந்தக் காலம். இன்று அவளை யார் ஆடுகிறார்கள்?” நியாயமான கேள்விதான்.

தேவதையின் ஜாதகம் வேடிக்கையானது. முதற்பதிப்பு முதல் 1995-இன் நான்காம் பதிப்பு வரை அவள் இருந்தாள். 1997-இல் ஐந்தாம் பதிப்பிலிருந்து நீக்கினார்கள். அளவுக்கு மீறிய வலு என்று வடிவமைப்பாளர்கள் கருதியதே காரணம். அதே 1997-இல் ‘விஷன்ஸ்’ தொகுதியில் ‘ஆர்ச்ஏஞ்சல்’ என்று ஒன்று வந்தது. பறக்கும், சாயாது, 5/5. ஆனால் விலை 7 மானா! இரண்டு வலுவிலும் ஒவ்வொன்று கூடியதற்கு இரண்டு மானா கூடுதல். அன்றைய அளவுகோல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு இது சான்று. 1999-இன் ஆறாம் பதிப்பிலும் செர்ரா தேவதைக்கு இடமில்லை. 2001-இல் ஏழாம் பதிப்பில் திரும்ப வந்தாள். இம்முறை அரிய வகையாகப் பதவி உயர்வோடு.

அதற்குப் பின் உலகம் அவளைத் தாண்டிப் போய்விட்டது. 2009-இல் வந்த ‘மேஜிக் 2010’ தொகுதியில் ‘பேன்ஸ்லேயர் ஏஞ்சல்’ என்ற சீட்டு வந்தது. அதே 5 மானா. ஆனால் 5/5, பறக்கும், முந்திக்கொண்டு அடிக்கும், அடித்த அளவு தன் எஜமானருக்கு உயிர்ப்புள்ளி சேர்க்கும். அதே தொகுதியில் நம் செர்ரா தேவதையும் பழையபடி நடுத்தர வகைக்கு இறங்கி உட்கார்ந்திருந்தாள். 2016-இல் ‘ஆர்ச்ஏஞ்சல் அவாசின்’ வந்தாள். 5 மானா, 4/4, பறக்கும், சாயாது. செர்ரா தேவதையின் அச்சு அசல். அதோடு எதிராளியின் முறையிலேயே திடீரென இறங்கும் ஆற்றல். இறங்கியவுடன் தன் பக்கத்து உயிரினங்களை அந்த முறை முழுதும் அழியாமல் காக்கும் ஆற்றல். இவர்களுக்கு முன் செர்ரா தேவதை நிற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இதிலிருந்து ‘அவள் மட்டம்’ என்ற முடிவுக்குப் போவது தவறு. 1993-இல் மந்திரங்கள் மிக வலிமையாகவும் உயிரினங்கள் பொதுவாக வலிமை குன்றியும் இருந்தன. ஒரு மானாவுக்கு மூன்று சீட்டு எடுத்துத் தரும் மந்திரம் இருந்த காலம் அது. பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள் மந்திரங்களின் வலுவைக் குறைத்து உயிரினங்களின் வலுவை ஏற்றினார்கள். தராசையே மாற்றிவிட்டு, பழைய பொருள் எடை குறைந்துவிட்டது என்று சொல்வது என்ன நியாயம்?

பம்பாய்க்காரர்களுக்கு இதைக் கிரிக்கெட்டில் சொன்னால் உடனே புரியும். 1975 உலகக் கோப்பையில் சுனில் கவாஸ்கர் 174 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 36 ரன் எடுத்தார். இன்றைய இருபது ஓவர் ஆட்டக் கணக்கில் அவரை எடைபோடும் பையன் சிரிப்பான். ஆனால் டெஸ்ட் பந்தயத்தில் முதன்முதலில் 10,000 ரன்னைக் கடந்தவர் அவர்தான் என்பதை அறிந்தவன் சிரிக்க மாட்டான். அந்த ஒருநாள் ஆட்டம் சரியில்லை என்று சொல்லலாம். அந்த ஆட்டக்காரர் சரியில்லை என்று சொல்ல முடியாது.

எனவே பழைய சீட்டுக்கு இரண்டு மதிப்பெண் போட வேண்டும். அதன் காலத்தில் அது என்ன செய்தது என்பதற்கு ஒன்று. இன்று என்ன செய்யும் என்பதற்கு ஒன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. செர்ரா தேவதைக்கு என் மதிப்பெண்: அன்று முதல் வரிசை. இன்றோ, பெரும் போட்டிகளுக்கான கட்டில் இடமில்லை. ஆனால் உறைகளைப் பிரித்து அங்கேயே கட்டு அமைத்து ஆடும் ஆட்டத்தில் இன்றும் அவள் கைக்கு வந்தால் மகிழலாம். 2018-இல் ‘டொமினாரியா’ தொகுதியில் மறுபடியும் அச்சானபோது அது தெரிந்தது. 1993, 1994-ஆம் ஆண்டுச் சீட்டுகளை மட்டும் வைத்து ஆடும் முறை ஒன்று ஸ்வீடனில் தோன்றிப் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அந்த மேசையில் அவளுக்கு இன்றும் மரியாதை குறையவில்லை.

விலை வேறு, மதிப்பு வேறு

இப்போது தாத்தாவின் கட்சி. 2021 ஜனவரியில் ‘பிளாக் லோட்டஸ்’ என்ற முதற்பதிப்புச் சீட்டு ஒன்று 5,11,100 டாலருக்கு விலைபோனது உண்மை. அதைக் கேட்டு, வீட்டில் கிடக்கும் பழைய சீட்டெல்லாம் புதையல் என்று எண்ணுவது பேராசை. செர்ரா தேவதையின் முதற்பதிப்புச் சீட்டுக்கு நல்ல விலை உண்டு. அதே தேவதை, அதே படம், அதே 4/4, நான்காம் பதிப்பில் அச்சானது என்றால் சொற்ப விலைதான். ஆட்டத்தில் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். முதற்பதிப்புச் சீட்டின் மூலைகள் சற்று அதிகமாக உருண்டிருக்கும். அச்சான எண்ணிக்கை குறைவு. அந்த விலை அபூர்வத்துக்கான விலை. வலிமைக்கான விலை அல்ல.

ஜூசாம் ஜின் தேவதையைவிடப் பல மடங்கு விலை பெறுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இனி அச்சிடுவதில்லை என்று நிறுவனம் உறுதி கூறிய சீட்டுகளின் பட்டியல் ஒன்று 1996-இல் வந்தது. ஜூசாம் அதில் உண்டு, தேவதை இல்லை. மறுபடி மறுபடி அச்சிட்டதால் அவள் விலை இறங்கியது. என் கண்ணுக்கு அதுவே அவளுக்குப் பெருமை. வேண்டியவர்க்கெல்லாம் கிடைக்கிறாளே!

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியம் எங்கே வருகிறது என்றால், அவர்கள் தங்களுக்குள் சீட்டு மாற்றிக்கொள்ளும் இடத்தில். விவரமறிந்த பெரிய பையன், விவரமறியாத சின்னவனிடம் பளபளப்பான புதுச் சீட்டு ஒன்றைக் கொடுத்து நல்ல பழைய சீட்டை வாங்கிக்கொள்வதும், ‘இது ரொம்பப் பழசு’ என்று சொல்லி உதவாத சீட்டைத் தலையில் கட்டுவதும் நடக்கக்கூடியவையே. சின்னவன் இழப்பது ஓர் அட்டையை மட்டுமல்ல. நண்பனை நம்பும் குணத்தையும் இழக்கிறான். இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 1993-இன் ஆரம்ப விதிகளில், ஆளுக்கு ஒரு சீட்டைப் பந்தயமாக ஒதுக்கி வைத்து, வென்றவர் அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அது சூதாட்ட வாடை அடிக்கிற விதி. பின்னர் அது கைவிடப்பட்டது. போட்டிகளில் அதற்கு இடமில்லை. நம் வீடுகளிலும் அதற்கு இடம் தரக் கூடாது.

“உயிரில்லாத அட்டைக்கு இத்தனை ஆராய்ச்சியா?” என்று அப்பா கேட்கலாம். சதுரங்கத்தில் யானைக்கு 5, குதிரைக்கு 3 என்று மதிப்பு வைத்திருக்கிறோம். ஆனால் காய்கள் நெருக்கியடித்து நிற்கும் ஆட்டத்தில் எல்லோரையும் தாண்டிக் குதிக்கும் குதிரை, வழியில்லாமல் மூலையில் நிற்கும் யானையைவிட உபயோகமானது என்பதை ஆடிப் பழகியவர் அறிவார். அட்டவணையில் உள்ள மதிப்பு ஒன்று, களத்தில் உள்ள மதிப்பு வேறு என்று பத்து வயதில் உணரும் பிள்ளை, நாளை ஒரு வேலையையோ, ஒரு பொருளையோ, ஒரு மனிதரையோ எடைபோடும்போதும் சற்று நிதானிப்பான். காசு கரியாகும் என்ற கவலைக்கு மருந்து, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு கட்டுவது. ஆட்டத்தையே பழிப்பது மருந்தாகாது.

ஆகவே பழைய உயிரினச் சீட்டு ஒன்று கைக்கு வந்தால் பிள்ளைகள் நான்கு கேள்விகள் கேட்கட்டும். என்ன செலவில், எந்த முறையில் இது களத்துக்கு வரும்? வந்தபின் எத்தனை ஆள் வேலையை இது செய்யும்? இதை வீழ்த்த எதிராளிக்கு எவ்வளவு செலவாகும்? என் கட்டில் உள்ள மற்றச் சீட்டுகளோடு இது சேருமா? இந்த நான்குக்கும் பதில் சொன்ன பிறகு, விருப்பமிருந்தால், கடைசியாகக் கடைவிலையைக் கேட்கலாம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலைகளில் நூலகக் கூடத்தில் கேரம் பலகைக்கும் சதுரங்கத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம். அவற்றுக்கு அருகே இந்தச் சீட்டாட்டத்துக்கும் ஒரு மேசை போடலாம். பந்தயம் கிடையாது, மாற்றிக்கொள்வதானால் பெரியவர் ஒருவர் முன்னிலையில், இருவரும் காரணம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இரண்டே விதிகள் போதும். ‘இந்தச் சீட்டு ஏன் நல்லது’ என்று பிள்ளைகள் தமிழில் விளக்கிச் சொல்லப் பழகினால், பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்வதைவிட அதில் தமிழும் நன்றாக வளரும். செயற்குழு இதைப் பரிசீலிக்குமாக!